தூக்கம் வந்தால் வண்டியை எங்கே ஓரங்கட்டுவது?

போன இதழில் ராத்திரி வண்டி ஓட்டுகிறவர்களின் தூக்கத்தைப் பற்றி ஒரு கேள்விக்கு நாலு வரி பதில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் முக்கால்வாசி ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தவை. அதனால் இந்தத் தடவை ஜாதகம், கடன், மாமியார் எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிப்போகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் மீன் வண்டி ஓட்டுகிறார். சாயங்காலம் இங்கே லோடு ஏறினால் விடிவதற்குள் கேரளாவில் இறக்கியாக வேண்டும். வழியில் கொஞ்சம் தூங்குங்கள் என்றால் “டீ குடிச்சா சரியாப் போயிடும்” என்கிறார். பரமக்குடியை எப்போது தாண்டினோம் என்றே ஞாபகம் இல்லை என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், தங்கச்சிமடம்

பதில்: சிரிக்கிற விஷயமில்லைதான், தங்கச்சி. ஊர் கடந்து போனதே தெரியவில்லை என்றால் அந்த நேரத்தில் அவர் பாதித் தூக்கத்தில் ஓட்டியிருக்கிறார் என்று அர்த்தம். கண் திறந்தே இருக்கும், கை ஸ்டியரிங்கில் இருக்கும், மூளை மட்டும் மூன்று நாலு விநாடி அணைந்து எரியும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி நாலு விநாடியில் 65 மீட்டருக்கு மேல் போய்விடும், அவ்வளவு தூரத்துக்கு வண்டியில் டிரைவரே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி “வழியில் தூங்கினீங்களா” என்பதில்லை, “காலையில எத்தனை மணிக்கு எழுந்தீங்க” என்பது. அஞ்சு மணிக்கு எழுந்து மீன்படகு வருகிற இடத்துக்குப் போகிறார். ஏலம் முடிய வேண்டும், ரகம் பிரிக்க வேண்டும், ஐஸ் உடைத்துப் பெட்டி போட வேண்டும், அப்புறம் கம்பெனி வாசலில் வரிசை. வண்டியை முன்னால எடு, பின்னால எடு என்று அரை மணிக்கொரு தரம் கதவைத் தட்டுவார்கள். ராத்திரி எட்டு மணிக்கு வண்டி கிளம்பும்போது அவர் விழித்து பதினைந்து மணி நேரம் ஆகியிருக்கும். பத்து மணிக்கு 17 மணி நேரம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கை வேகமும் ரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் இருப்பவருடையதற்குச் சமம் என்று சோதித்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டம் அனுமதிக்கிற அளவே 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். போலீஸ்காரர் ஊதச் சொன்னால் மெஷின் பூஜ்ஜியம்தான் காட்டும், மனுஷன் ஒரு சொட்டுகூடக் குடித்திருக்க மாட்டார், ஆனால் ஓட்டுகிற நிலைமை சட்டம் அனுமதிக்கிற அளவு குடித்தவரைவிட மோசம். இதற்கு மேல்தான் ராத்திரி ரெண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை, உடம்பே தூங்கு தூங்கு என்று இழுக்கிற நேரம், பாக்கி இருக்கிறது.

அதனால் தூக்கத்தை ரோட்டில் தேடாமல் பகலில் வாங்கித் தர வேண்டும். வீடு கூப்பிடு தூரத்தில் இருக்க, மனுஷன் வரிசையில் கேபினுக்குள் வெந்துகொண்டிருப்பதில் என்ன நியாயம்? சாவியை வரிசையில் வண்டி நகர்த்தத் தெரிந்த, லைசென்ஸ் இருக்கிற ஒரு ஆளிடம் கொடுத்துவிட்டு மத்தியானம் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை வீட்டில் படுக்கச் சொல்லுங்கள். நாலைந்து வண்டிக்காரர்கள் சேர்ந்து அந்த ஆளுக்குத் தலைக்கு நூறு ரூபாய் கொடுத்தால் முடிந்த விஷயம். போனை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டீயை நான் குறை சொல்லவில்லை. ஆனால் டீ, காபி உடம்பில் ஏறி வேலை செய்ய இருபது முப்பது நிமிஷம் ஆகும், குடித்தவுடன் கிளம்புகிறவருக்கு வாயில் சூடு மட்டும்தான் மிச்சம். குடித்துவிட்டு அலாரம் வைத்து இருபது நிமிஷம் படுத்தால், எழும்போது ரெண்டும் சேர்ந்து கை கொடுக்கும். முக்கால் மணி, ஒரு மணி என்று இழுத்தால் எழும்போது தலை கனக்கும், அப்படி எழுந்தால் கால் மணி நேரம் நடந்து முகம் கழுவி அப்புறம்தான் சாவியைத் தொட வேண்டும்.

இன்னொன்று, இது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அவர் பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறி மறுபடி விடுகிறாரா? எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தும் அசதியாக இருக்கிறாரா? அப்படியானால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். தூக்கத்தில் மூச்சடைப்பு என்பது வைத்தியம் உள்ள நோய், அதைக் கவனிக்காமல் எத்தனை மணி நேரம் படுத்தாலும் பிரயோசனமில்லை.

கேள்வி: பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டே ஓட்டினால் தூக்கம் வராது என்று எங்கள் செட்டில் சொல்கிறார்கள், உண்மையா?
– ஒரு டாரஸ் லாரி கிளீனர், பரமக்குடி

பதில்: வாய் எரியும், தூக்கமும் வரும். ஜன்னலைத் திறப்பது, பாட்டை அலற விடுவது, கண்ணில் தைலம் தடவுவது எல்லாம் இதே கணக்குதான், சில நிமிஷத்துக்கு மேல் தாங்காது. நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு 2023ல் கொடுத்தது குழம்புக்காக.

கேள்வி: நான் கரிமூட்டை லோடு ஓட்டுகிறேன். ராமநாதபுரத்தை விட்டால் தூத்துக்குடி வரைக்கும் ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) லாரியை நிம்மதியாக நிறுத்திப் படுக்க ஒரு இடம் காட்டுங்கள் பார்ப்போம். ஓரத்தில் நிறுத்தினால் ரோந்து வண்டி விரட்டுகிறது. பெட்ரோல் பங்கில் நிறுத்தினால் “டீசல் போடுறியா” என்று கேட்கிறார்கள். ஊருக்குள் நிறுத்தினால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். தூங்காதே என்றும் சொல்கிறார்கள், நிறுத்தாதே என்றும் சொல்கிறார்கள். நாங்கள் என்னதான் செய்வது அண்ணே?
– டிரைவர், சாயல்குடி

பதில்: நியாயமான கோபம் தம்பி. கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார் என்று நூறு கிலோமீட்டருக்கு மேல் நீள்கிற ரோடு. வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் சொன்னால்தான் உங்கள் கஷ்டம் புரியும். இந்தப் பக்கம் தார் முடிகிற இடத்தில் பல இடங்களில் இருப்பது மண் இல்லை, மணல். மேலே பார்த்தால் காய்ந்து கெட்டியாகத் தெரியும், லோடு வண்டியின் இடது பக்கச் சக்கரம் இறங்கினால் அச்சு வரைக்கும் போகும். உப்பளம் பக்கம் இன்னும் மோசம், மேலே வெள்ளையாகப் பொருக்கு, கீழே களி. அதைத் தாண்டினால் சீமைக்கருவேலம், அதன் முள் டயரை விடாது. அதனால் அனுபவசாலி டிரைவர் பாதி வண்டியைத் தாரிலேயே வைத்துத்தான் நிறுத்துவார், பார்க்கிறவன் திட்டுவான்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், மற்றவருக்கு ஆபத்தோ இடைஞ்சலோ வருகிற மாதிரி பொது இடத்தில் வண்டியை விடக்கூடாது, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 122. ரோந்துக்காரர் விரட்டுவது இதை வைத்துத்தான். ஆனால் அதே சட்டத்தின் பிரிவு 91 சரக்கு வண்டி, பயணிகள் வண்டி ஓட்டுகிறவருக்கு வேலை நேரத்தையும் கட்டிப்போட்டிருக்கிறது, 1961ம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தில் உள்ள நேரம்தான் உங்களுக்கும் என்று. அந்தக் கணக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. நெடுந்தூரம் என்றால் அனுமதியோடு 10 மணி நேரம், வாரத்துக்கு 54. தொடர்ந்து அஞ்சு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, இடையில் குறைந்தது அரை மணி ஓய்வு கொடுக்க வேண்டும். இப்போது அந்தச் சட்டத்தை 2020ம் வருஷத்துப் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்த்திருக்கிறார்கள், எட்டு மணி நேரம் என்ற அடிப்படை போகவில்லை. ஆக ஒரு பிரிவு ஓய்வெடு என்கிறது, இன்னொரு பிரிவு இங்கே நிறுத்தாதே என்கிறது, ரெண்டும் சரிதான், நடுவில் இருக்க வேண்டிய இடத்தைத்தான் யாரும் கட்டவில்லை.

இப்போதைக்கு என் யோசனை, தூக்கம் வந்த பிறகு இடம் தேடாதீர்கள். கிளம்பும்போதே எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்துகொண்டு அங்கே தூக்கம் வந்தாலும் வராவிட்டாலும் நிறுத்துங்கள். எப்படியும் டீசல் போடப் போகிறீர்கள், அதை ஏதோ ஒரு பங்கில் போடாமல் ராத்திரி படுக்க விடுகிற பங்கில் போடுங்கள். போடும்போதே “அண்ணே, மூணு மணி நேரம் படுத்துக்கிறேன்” என்று கேஷியரிடம் சொல்லிவிட்டால் பிரச்சினை வராது. வெளிச்சம், கேமரா இரண்டும் இருக்கும், டீசல் திருட்டுக்கும் லோடு கயிறு அறுப்புக்கும் பயந்து ஒரு காதைத் திறந்து வைத்துத் தூங்க வேண்டியதில்லை. எண்ணெய்க் கம்பெனிகள் பெரிய நெடுஞ்சாலைப் பங்குகளில் டிரைவர்களுக்காகவே ‘அப்னா கர்’ என்று கட்டில், குளியலறை, கழிப்பறையோடு இடம் வைத்திருக்கிறார்கள், அதே பெயரில் போன் செயலியும் இருக்கிறது. மதுரையைத் தாண்டி வடக்கே போகிற நாட்களில் அதில் தேடிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஒரே ஒரு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்கிறேன். மத்தியான வெயிலில் நிழல் கிடைக்காமல் வண்டிக்கு அடியிலே தார்ப்பாயை விரித்து, பின் அச்சுக்கு முன்னால் தலையை வைத்துப் படுக்கிறீர்களே, அது வேண்டவே வேண்டாம். கிளீனர் விளையாட்டாக வண்டியை எடுத்தாலும் போச்சு, பின்னால் ஒருவன் வந்து மோதினாலும் போச்சு.

கேள்வி: டிரைவர்களுக்காகவே பேசுகிறீர்கள். திருப்பாலைக்குடி பக்கம் இருட்டில், விளக்கு எதுவும் இல்லாமல் நின்ற லாரியின் பின்னால் என் மைத்துனன் பைக்கில் போய் மோதி, கால் எலும்பு முறிந்து ஆறு மாதம் படுக்கையில் கிடந்தான். இவர்களைத் தண்டிக்க வழியே இல்லையா?
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: இருக்கிறது. முன்னே சொன்ன பிரிவு 122 இருக்கிறது, பொது வழியில் ஆபத்து உண்டாக்கியதற்கு இப்போதைய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 285 இருக்கிறது, நஷ்ட ஈட்டுக்கு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் மைத்துனன் வேகமாக வந்தான், அவன் பங்கும் உண்டு என்று வாதாடுவார், அதனால் லாரி எந்த நிலையில் நின்றது, பின் விளக்கு எரிந்ததா, ஒளிரும் பட்டை இருந்ததா என்பதை எப்.ஐ.ஆரிலும், போலீஸ் இடத்தைப் பார்த்து எழுதுகிற மகஜரிலும் எழுத வைத்தீர்களா என்று பாருங்கள். போட்டோ யாராவது எடுத்திருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

டிரைவர்களுக்கும் இதில் சொல்ல ஒன்று உண்டு. பட்டை ஒட்டியிருக்கிறோமே என்பார்கள். போய்க் கையால் துடைத்துப் பாருங்கள். உப்புக் காற்று, புழுதி, மீன் பெட்டியிலிருந்து ஒழுகின தண்ணீர், அதில் ஒட்டின செதில் எல்லாம் சேர்ந்து சிவப்புப் பட்டை பழுப்பாகி, பின்னால் வருகிற ஹெட்லைட் வெளிச்சத்தில் கருவேலங்காட்டோடு காடாகத்தான் தெரியும். ஒரு ஈரத்துணி, அரை நிமிஷம். நிறுத்தினால் பார்க்கிங் விளக்கு, பின்னால் நல்ல தூரம் தள்ளி எச்சரிக்கை முக்கோணம். பச்சைக் குழையை ஒடித்து ரோட்டில் போடுகிற பழக்கம் பகலுக்குச் சரி, ராத்திரியில் யாருக்கும் தெரியாது. வண்டி நடு ரோட்டில் நின்றுபோய் நகராது என்றால் தேசிய நெடுஞ்சாலையில் 1033க்குப் போன் போடலாம்.

கேள்வி: நான் வளைகுடாவில் பல வருஷம் டிரெய்லர் ஓட்டிவிட்டுத் திரும்பியவன். ஐரோப்பா, அமெரிக்காவில் எல்லாம் நேரம் முடிந்தால் மெஷினே காட்டிக்கொடுக்கும் என்று கேள்வி. அதை இங்கே வைத்தால் எல்லாம் சரியாகிவிடாதா?
– தொண்டி வாசகர்

பதில்: மெஷின் உண்மைதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் நிறுத்தியாக வேண்டும், அமெரிக்காவில் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்ட முடியாது, ரெண்டு இடத்திலும் வண்டிக்குள் இருக்கிற கருவி பதிவு செய்துவிடும். ஆனால் அமெரிக்காவில் என்ன ஆனது தெரியுமா? நேரம் முடிந்தவர்களுக்கு நிறுத்த இடம் போதவில்லை. 2009ல் ஜேசன் என்கிற ஒரு டிரைவர், லோடு இறக்க வேண்டிய இடம் இன்னும் திறக்கவில்லை என்று, மூடிக்கிடந்த ஒரு பெட்ரோல் பங்கில் லாரியை நிறுத்திக் காத்திருந்தபோது திருடன் சுட்டுக் கொன்றுவிட்டான். அவர் மனைவி விடாமல் போராடி, 2012ல் லாரி நிறுத்துமிடங்களுக்குப் பணம் ஒதுக்க அந்த டிரைவர் பெயரிலேயே ‘ஜேசன் சட்டம்’ வந்தது. வந்த பிறகும் அங்கே இடப் பற்றாக்குறைப் பேச்சு ஓயவில்லை. இடம் கட்டாமல் மெஷினை மட்டும் இங்கே கொண்டுவந்தால் சாயல்குடித் தம்பி மணலுக்கும் தாருக்கும் நடுவில் நிற்பது கருவியில் பதிவாகும், அவ்வளவுதான்.

கேள்வி: ரெண்டு லாரி வைத்திருக்கிறேன். மாத்து டிரைவர் போட்டால் கட்டுப்படியாகவில்லை, டீசல், டோல், டியூ கட்டவே சரியாக இருக்கிறது. ஏசி கேபின் கட்டாயம் என்கிறார்களே, என் பழைய வண்டிக்கும் வைக்க வேண்டுமா?
– லாரி உரிமையாளர், ராமநாதபுரம்

பதில்: பழைய வண்டிக்கு வேண்டாம். 2025 அக்டோபர் 1ம் தேதியிலிருந்து தயாராகிற, மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேலான சரக்கு வண்டிகளுக்குத்தான் ஏசி கேபின் கட்டாயம். அதற்குக் கீழே உள்ள ‘குட்டி யானை’ டாடா ஏஸும் சின்னப் பிக்கப்பும் கணக்கிலேயே வரவில்லை, நம் கடற்கரையில் பாதி மீன் அதில்தான் போகிறது என்பது விதியை எழுதினவர்களுக்குத் தெரியாது போல.

மாத்து டிரைவர் விஷயத்தில் உங்களோடு சண்டை போட மாட்டேன், ரெண்டு வண்டி முதலாளியின் கணக்கு எனக்கும் தெரியும். ஆனால் காசு செலவில்லாத ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. லோடு பேசும்போதே “காலை ஆறு மணிக்கு இறக்கணும்” என்று பார்ட்டி சொன்னதை அப்படியே டிரைவர் தலையில் கட்டாமல், ஏற்றி முடிக்கிற நேரத்திலிருந்து இத்தனை மணி நேரம் என்று பேசுங்கள். பார்ட்டி நாலு மணி நேரம் தாமதமாக ஏற்றிவிட்டு அந்த நாலு மணி நேரத்தையும் டிரைவர் தூக்கத்திலிருந்து பிடுங்குகிறான், நீங்களும் “சீக்கிரம் போப்பா” என்று போன் போடுகிறீர்கள். அந்தப் போனை நிறுத்தினாலே பாதி தீர்ந்தது. சீக்கிரம் சேர்த்தால் கூடுதல் படி என்கிற வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கேபினில் படுக்கிற பர்த்துக்கு ஒரு நல்ல மெத்தை, கொசுவலை, பேட்டரியில் ஓடுகிற ஒரு ஃபேன், எல்லாம் சேர்த்தாலும் ஒரு டயர் விலை வராது.

கேள்வி: தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் வர வேன் பேசியிருக்கிறோம். ராத்திரி முழுக்க ஓட்டி, விடிகாலை அக்னி தீர்த்தம், சாமி தரிசனம், சாயங்காலம் திரும்பல். டிரைவர் விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகி, திருப்பூர்

பதில்: நீங்கள் குளித்து, இருபத்திரண்டு தீர்த்தம் ஆடி, தரிசனம் முடிக்கிற வரைக்கும் அவர் நெரிசலில் வண்டிக்குக் காவல் இருப்பார், அப்புறம் அதே மனுஷன் மறுபடி ராத்திரி முழுக்க ஓட்டுவார். இந்தத் திட்டமே தப்பம்மா. ஒரு ராத்திரி தங்குங்கள், ரூம் போடும்போது அவருக்கும் ஒரு கட்டில் சேர்த்துக் கேளுங்கள், வேனிலேயே படுத்துக்குவார் என்று விட்டுவிடாதீர்கள். தங்க முடியாது என்றால் ரெண்டு டிரைவர் கேளுங்கள். பாம்பன் பாலத்தில் புது ரயில் பாலத்தைப் பார்க்க வண்டியை நிறுத்தச் சொல்லி அவரைத் தொந்தரவு செய்யாமலும் இருங்கள்.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் மெயின் ரோட்டை ஒட்டிப் புறம்போக்கு நிலம் சும்மா கிடக்கிறது. லாரி நிறுத்துமிடம் போடலாம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள், குடிக்கிற இடமாகப் போய்விடும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். உங்கள் கருத்து?
– ஊர்க்காரர் ஒருவர், சத்திரக்குடி பக்கம்

பதில்: இளைஞர்கள் பக்கம்தான் நான். பெரியவர்கள் பயம் வெறும் பயம் இல்லை, இருட்டாக, ஆள் இல்லாமல் விட்டால் அவர்கள் சொல்கிறபடிதான் ஆகும். கிராவல் கொட்டி ரோலர் ஓட்டிய தரை, நாலு பக்கமும் விளக்கு, தண்ணீர், கழிப்பறை, ராத்திரிக்கு ஒரு காவலாள், வாசலில் மகளிர் குழு நடத்துகிற இட்லிக்கடை, இவ்வளவு இருந்தால் போதும், பளிங்குத் தரையும் ஏசி ஹாலும் எந்த டிரைவரும் கேட்கவில்லை. வண்டிக்கு ஐம்பது ரூபாய் வாங்குங்கள், சந்தோஷமாகக் கொடுப்பார்கள்.

நேரமும் இதுதான். பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் வரை 46.7 கிலோமீட்டரை 1,853 கோடி ரூபாயில் நாலு வழிச்சாலையாக்க 2025 ஜூலை 1ம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது, உங்கள் ஊர் அந்த வழியில்தான் வருகிறது. நாலு வழிச்சாலைக்கான விதிமுறையிலேயே லாரிகள் ஒதுங்கி நிற்கத் தனி இடம் உண்டு, அதைப் போடுவார்கள். எங்கே போடுவது, எத்தனை வண்டி நிற்கும், பக்கத்தில் தண்ணீரும் கழிப்பறையும் இருக்குமா என்பதுதான் கேட்டு வாங்க வேண்டியது. ரோடு போட்டு முடிந்த பிறகு போய்க் கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். 2024 பிப்ரவரியில் டிரைவர்களுக்காக நெடுஞ்சாலைகளில் முதல் கட்டமாக ஆயிரம் ஓய்வுக் கட்டடங்கள் என்று பிரதமர் அறிவித்ததையும் மனுவில் ஒரு வரி சேருங்கள்.

நெடுஞ்சாலையிலிருந்து உங்கள் நிலத்துக்கு வண்டி இறங்கி ஏற தேசிய நெடுஞ்சாலைத் துறை அனுமதி வேண்டும், அதை வாங்காமல் கிராவல் கொட்டினால் பணம் வீண். முதலில் சர்வே எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் சரிபாருங்கள், நீர்வழிப் புறம்போக்காக இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம், வேறு இடம் பாருங்கள். சரியாக இருந்தால் கிராம சபையில் தீர்மானம் போட்டு, திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர் கூட்டத்தில் ஒன்று, நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்ட இயக்குநருக்குப் பதிவுத் தபாலில் ஒன்று கொடுங்கள். கூட்டத்தில் கொடுக்கிற மனுவுக்கு ரசீது தருவார்கள், வாங்காமல் வந்துவிடாதீர்கள்.